பிள்ளையின் மனசு தத்தளிக்கும் ராத்திரி... யார் போய் நிற்பது?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது இன்று பட்டிதொட்டியெல்லாம் தெரியும். உடனே 108-க்குப் போன்! ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து விசிறுவார். எதிர்வீட்டு அம்மா செருப்புகூடப் போடாமல் வந்து நிற்பார். தெருவே கூடிவிடும்.

அதே தெருவில், பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்கு வாழவே பிடிக்கலை" என்று சொன்னால்? அந்த வீட்டின் ஜன்னலையும் சேர்த்துச் சாத்திவிடுவார்கள்! "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்... எதுவா இருந்தாலும் காலையிலே பாத்துக்கலாம்" என்பார்கள்.

காலை வரைக்கும் காத்திருக்கக்கூடிய விஷயமா இது? உடம்புக்கு அவசரம் இருப்பது போல மனசுக்கும் அவசரம் உண்டு. அந்த நேரத்தில் வீடு தேடிப் போய் நிற்பவர் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதுதான் இந்த இதழின் பாடம். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய் நிற்பது பாதி வைத்தியம்தான். திரும்பத் திரும்பப் போவதுதான் மீதி வைத்தியம்!

எது நெருக்கடி?

மார்க் குறைந்தால் பிள்ளை அழத்தான் செய்யும். காதலித்தவர் விலகிப் போனால் நாலு நாள் சோறு இறங்காது. இதெல்லாம் சோகம். சோகத்துக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம், ஆறுதல் போதும். கீழே சொல்லும் அடையாளங்கள் தெரிந்தால்தான் அது நெருக்கடி.

* "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு. விளையாட்டாகச் சொன்னாலும் சரி, விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள்.

* ஆசையாக வைத்திருந்த வாட்ச், செல்போன், புத்தகம் இவற்றைத் திடீரென்று மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது. காரணமில்லாமல் எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது.

* பல நாள் தூக்கமின்மை. ராத்திரி முழுக்க நடப்பது.

* யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பது. "என்னைக் கொல்ல வர்றாங்க" என்று பெற்றவர்களையே சந்தேகப்படுவது.

* தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது.

* நாலு நாளாக அழுதுகொண்டே இருந்த பிள்ளை, காரணம் எதுவும் இல்லாமல் சட்டென்று அமைதியாகிவிடுவது. "தெளிஞ்சிட்டான்" என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். அது தெளிவாக இல்லாமல், ஒரு முடிவு எடுத்துவிட்ட அமைதியாகவும் இருக்கலாம். அப்போதுதான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். 15 முதல் 29 வயதுக்காரர்களின் மரணக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. அத்தனையும் வாழ வேண்டிய வயசு!

ஆனால் இதில் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. இளவயதில் இந்த வேகம் பெரும்பாலும் கடல் அலை மாதிரி. உயர்ந்து எழும், சில மணி நேரத்தில், சில பேருக்குச் சில நிமிடத்திலேயே, தணிந்துவிடும். அந்த அலை தணியும் வரை பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தால் போதும், பிள்ளை கரை ஏறிவிடும்.

வண்டி ஏறி வந்த வைத்தியம்

நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், மனநல உதவியே வீடு தேடிப் போவது வெளிநாடுகளில் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்து யூஜீன் நகரில் 1989-ல் இப்படி ஒரு வண்டி புறப்பட்டது. போலீஸ் இல்லை, லத்தி இல்லை. மருத்துவ உதவி தெரிந்த ஒருவர், மனநெருக்கடியில் பேசப் பயிற்சி பெற்ற ஒருவர்... ஆக இரண்டே பேர். போன் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். இதைப் பார்த்துப் பல நகரங்கள் இதே முறையைத் தொடங்கின. பணப் பற்றாக்குறையால் 2025 ஏப்ரலில் யூஜீன் நகரிலேயே அந்தச் சேவை நின்றுபோனது ஒரு சோகம். ஆனால் அது காட்டிய வழி நிற்கவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு பெருமை உண்டு. 1984-ல் சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முயற்சியில் உருவான 'ஸ்கார்ஃப்' அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு டிவி திரை. சென்னையில் இருக்கும் மனநல டாக்டர் அந்தத் திரையில் தோன்றிப் பேசுவார். மாத்திரையும் வண்டியிலேயே கிடைக்கும். ராத்திரி அவசரத்துக்கான வண்டி அல்ல அது. தொடர்ந்து சிகிச்சை தருவதற்கான வண்டி. வைத்தியம் ஊருக்குள் வந்தால் ஜனங்களும் வருவார்கள் என்று அது காட்டியது.

சரி, நம் ஊரில் ராத்திரி 11 மணிக்குப் பிள்ளை தத்தளித்தால்? 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416 இருக்கிறது. இரவு பகல் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு. ஆனால் போனில் பேசுபவர் சொல்வதைக் கேட்டு, அந்த அறைக்குள் போய் உட்கார ஒரு ஆள் வேண்டுமே! அந்த ஆள் கிராம சுகாதார நர்ஸாக இருக்கலாம். வாத்தியாராக, மாமாவாக, ஊர் வைத்தியராக இருக்கலாம். ஏன், இதைப் படிக்கிற நீங்களாகவே இருக்கலாம்!

சித்த வைத்தியர் இதைப் பேசலாமா?

"நீங்க சூரணம், லேகியம் கொடுக்கிறவர், உங்களுக்கு எதுக்கு இது?" என்று சிலர் கேட்கக்கூடும். மனம் பேதலிக்கும் நோய்களுக்குச் சித்தர் நூல்கள் 'கிரிகை' என்று பெயர் வைத்து, 18 வகையாகப் பிரித்துச் சொல்கின்றன. மனநோய் என்பது பேயோ பிசாசோ அல்ல; வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்பதை நம் முன்னோர் அன்றே ஒத்துக்கொண்டார்கள் என்றுதானே இதற்கு அர்த்தம்?

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உயிரைப் பற்றிய நெருக்கடியில் சூரணமும் லேகியமும் வேலைக்கு ஆகாது. அந்த ராத்திரிக்குத் தேவை பாதுகாப்பும், மனநல டாக்டரும்தான். இங்கே அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் வைத்தியம் பார்க்கிறவனுக்கு இன்னொன்றும் தெரியும். பௌர்ணமிக் கூட்டத்தில் மலை சுற்ற வருபவர்கள் எல்லோரும் வேண்டுதலோடு வருபவர்கள் அல்ல. வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. லிங்கத்தின் பக்கத்துத் திண்ணையில் தனியாக, சாப்பிடாமல், போனை அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால், "சாப்டியாம்மா? எந்த ஊரு?" என்று கேட்டுப் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098-க்குச் சொல்லுங்கள்.

இனி பாடத்துக்கு வருவோம். படி ஐந்து.

1. கூட்டத்தைக் கலையுங்கள்

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை, பிள்ளையிடம் பேசுவது அல்ல. சித்தப்பா அதட்டுவார், அத்தை அழுவார், பாட்டி சத்தியம் வாங்குவார். ஒரே சமயத்தில் ஆறு பேர் பேசினால் தெளிந்த மனசுகூடக் கலங்கும்! எல்லோரையும் அன்பாக வெளியே அனுப்புங்கள். போவது இரண்டு பேராகப் போனால் நல்லது. ஒருவர் பிள்ளையோடு, இன்னொருவர் பெற்றவர்களோடு.

பிள்ளையின் தலைக்கு மேலே நின்று பேசாதீர்கள். தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். கதவை மறிக்காதீர்கள். 'அடைச்சு வச்சுட்டாங்க' என்ற எண்ணம் வந்தால் பயம் இரட்டிப்பாகும். பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"தம்பி, உங்க அம்மா பயந்துபோய்க் கூப்பிட்டாங்க. உன்னைத் திட்டவோ இழுத்துட்டுப் போகவோ நான் வரலை. இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

பதில் வராவிட்டாலும் உட்காருங்கள். ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கள். மௌனமாகக் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் வைத்தியம்தான்.

2. நேராகக் கேளுங்கள்

"அதைப் பத்திக் கேட்டா, நாமளே ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆகாது! கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்கின்றன. பல பிள்ளைகளுக்கு யாராவது கேட்டால் போதும், பாரம் இறங்கும்.

"இவ்வளவு கஷ்டத்திலே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று பதறாத குரலில் கேளுங்கள். ஆமாம் என்றால், "இன்னிக்கே ஏதாவது பண்ணிக்கணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று அடுத்த கேள்வி. அதற்கும் ஆமாம் என்றால், இனி ஒரு நிமிஷம்கூடப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது.

"உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?" என்ற பிரசங்கம் வேண்டாம். "பெத்தவங்களை நினைச்சுப் பாத்தியா?" என்ற குத்தலும் வேண்டாம். "யார்கிட்டேயும் சொல்லாதீங்க" என்று பிள்ளை கேட்டால் பொய்ச் சத்தியம் செய்யாதீர்கள். "உன் சொந்த விஷயத்தை ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிரைப் பத்தினதை மட்டும் டாக்டர்கிட்டே சொல்லித்தான் ஆகணும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

3. கைக்கெட்டாமல் செய்யுங்கள்

நம் பக்கத்து விவசாய வீடுகளில் பூச்சி மருந்து எங்கே இருக்கிறது? பரணில், கட்டிலுக்கு அடியில், சில வீடுகளில் அடுப்படி அலமாரியில்! அலை எழும் அந்தச் சில நிமிடத்தில் ஆபத்தான பொருள் கையில் கிடைக்காவிட்டால், அநேகம் பேர் பிழைத்துக்கொள்வார்கள்.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இதைச் செய்தே பார்த்தார்கள். 1986-ல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும், கிராமத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகள் கொண்ட ஒரு பொது அறை அமைத்தார்கள். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைக்க வேண்டும். தேவைப்படும்போது போய் எடுத்துக்கொள்ள வேண்டும். 2013-ல் முடிவு வெளியானது. அந்த ஊர்களில் பூச்சி மருந்தால் நேரும் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்தன. ஒரு பூட்டு, ஒரு சாவி... எத்தனை உயிர்!

ஆகவே பூச்சி மருந்து, எலி மருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரையைப் பெரியவர் ஒருவர் பூட்டி வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.

4. கைமாற்றி விடும் வரை நகராதீர்கள்

பிள்ளை எதையாவது சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே 108. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதனால் ஆபத்து கூடும். "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. சில விஷங்கள் தாமதமாகத்தான் வேலையைக் காட்டும்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். முயற்சி செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அது. முயற்சியையே குற்றமாக வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவே இல்லை.

குரல் கேட்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்லும் பிள்ளையிடம், "அப்படி ஒண்ணும் இல்லே" என்று வாதம் செய்யாதீர்கள். "ஆமா, இருக்கு" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உனக்குப் பயமா இருக்குன்னு புரியுது. நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்றால் போதும். கட்டிப் போடவே கூடாது! 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் என்ன நடந்தது? தீப்பிடித்த விடுதியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் பலியானார்கள். தப்பி ஓட முடியவில்லை. அந்தச் சங்கிலியை நாம் மறக்கக் கூடாது.

உடனடி ஆபத்து இல்லை என்றால், மறுநாள் காலையிலேயே அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ளவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. "போய்ப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூடவே போய், டாக்டர் எதிரில் உட்கார வைத்துவிட்டு வாருங்கள்.

5. திரும்பப் போங்கள்!

இதுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "அந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று வீடு மௌனமாகிவிடும். சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. பிரேசில், இலங்கை, ஈரான், சீனா, இந்தியா. இந்தியாவில் நடந்த இடம் நம் சென்னை! தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு 18 மாதத்தில் 9 தடவை, நேரிலோ போனிலோ ஒரு விசாரிப்பு. அவ்வளவுதான்! புது மருந்து எதுவும் இல்லை.

2008-ல் வெளியான முடிவைப் பாருங்கள். 18 மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2.2 சதவிகிதம். விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவிகிதம். ஆயிரம் பேருக்கு 22 பேர் என்பது 2 பேராகிவிட்டது!

அவர்கள் விசாரித்த கணக்கை நீங்களும் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம். 1, 2, 4, 7, 11-வது வாரங்கள். பிறகு 4, 6, 12, 18-வது மாதங்கள். போனதும், "மறுபடி அப்படித் தோணுச்சா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். "தூக்கம் வருதா? சாப்பிடறியா? மாத்திரை ஒத்துக்குதா?" என்று கேளுங்கள். பிள்ளை எதையாவது சொல்லத் தயங்கினால், அப்போது நேராகக் கேளுங்கள். கிளம்பும்போது, "அடுத்த வாரம் வியாழக்கிழமை வர்றேன்" என்று நாளைச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். 'நமக்காக ஒருத்தர் வருவார்' என்கிற அந்த எதிர்பார்ப்பே பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் கயிறு.

சந்தேகமும் விளக்கமும்

கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா? மந்திரிக்கலாமா?

கோயிலுக்கு தாராளமாகப் போங்கள். திருநீறு பூசுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டாக்டரைத் தள்ளிப் போடாதீர்கள். அத்தனை துயரம் நடந்த ஏர்வாடியிலேயே, பின்னாளில் தர்காவுக்கு வருபவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. பயமுறுத்துவது, அடிப்பது, பட்டினி போடுவது மட்டும் எந்தச் சாமியின் பேரிலும் கூடாது.

பரிட்சையில் பெயில் ஆன பிள்ளைக்கு முதலில் என்ன சொல்வது?

"சாப்பிட வா." அதுதான் முதல் வார்த்தை! அதே வருஷம் துணைத் தேர்வு இருக்கிறது என்பதைச் சாப்பிட்ட பிறகு சொல்லலாம். ரிசல்ட் வரும் நாளில் பெற்றவர்களில் ஒருவராவது வீட்டில் இருங்கள்.

போய் நிற்கிறவருடைய மனசு?

நல்ல கேள்வி. அடுத்தவர் துயரத்தைச் சுமந்தவருக்கும் ராத்திரி தூக்கம் வராது. அதனால்தான் இரண்டு பேராகப் போகச் சொன்னேன். திரும்பி வரும் வழியில் இருவரும் மனசு விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். 9 தடவையும் ஒரே ஆள் போக வேண்டியதில்லை. நம்பிக்கையான இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கே பாரம் தாங்கவில்லை என்றால் 14416 உங்களுக்கும்தான்!

சுவரில் எழுதி வையுங்கள்

உயிருக்கு ஆபத்து: 108
மனநல உதவி, 24 மணி நேரமும்: 14416
அரசு மருத்துவ ஆலோசனை: 104
18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு: 1098
சிநேகா, சென்னை: 044-24640050

கேஸ் சிலிண்டர் புக் செய்யும் நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், பால்காரர் நம்பரை எழுதி வைத்திருக்கிறோம். இந்த ஐந்தையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படாமலே போகட்டும். எதிர்வீட்டு ஜன்னல் பகலிலும் சாத்தியே கிடக்கிறதா? இன்றைக்குச் சாயங்காலமே போய்க் கதவைத் தட்டுங்கள். அடுத்த வாரமும் மறக்காமல் போங்கள்.